மூணு நாரைத் தெருவில் மூடிய திரைகள்

எதிர்வீட்டு வாசற்படி ஈரமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நடையில் படிந்திருந்த செங்கல் புழுதியை வெளியே தள்ளக் கதவைத் திறந்த ஹெட்டி சக்டன், துடைப்பமும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் மழை ஈரம் இல்லை. யாரோ மண்டியிட்டு உட்கார்ந்து, சலவைச் சோடா போட்ட வெந்நீரால் கல்லைத் தேய்த்துக் கழுவி, விளிம்பு முழுக்கச் சாக்கட்டி மாதிரி வெள்ளைக்கல் உரசி, கோடு பிசகாமல் இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரக் கல்லும் சோடாவும் சோப்பும் கலந்த அந்த வாசனை தெருவைத் தாண்டி அவள் மூக்குக்கு வந்தது. அங்கே குடியிருந்த லம்ப் குடும்பம் போன வசந்தத்திலேயே அடுக்குமாடிக்குப் போய்விட்டது. வீட்டுக்குக் கதவு இல்லை, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, கூரையில் பாதி ஓடு இல்லை. படி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"எந்த வேலையத்த கழுதைடா இதைச் செய்யுது?" என்று ஹெட்டி சத்தமாகவே கேட்டாள். பதில் சொல்ல அந்தத் தெருவில் யாரும் இல்லை. அவளும், மாடியில் இருமிக்கொண்டு படுத்திருந்த அவள் புருஷன் கிளெமும் மட்டும்தான் பாக்கி.

மூணு நாரைத் தெருவை இன்று எந்த வரைபடத்திலும் தேடிப் பயனில்லை. அதன் தலைமேல் அகலச் சாலை ஒன்று ஓடுகிறது. வட இங்கிலாந்தின் அந்த ஆலை நகரத்தில் தெருவுக்கு முன்னால் வந்தது பப்தான். வயலுக்கு நடுவே, பொதிக்குதிரை ஓட்டுபவர்கள் ஒதுங்கிக் குடிக்கிற கடை. வாசல் பலகையில் ஒற்றைக்காலில் நிற்கும் மூன்று நாரைகள். பிறகு ஆலை வந்தது, ஆலைக்கு ஆள் வந்தது, ஆளுக்கு வீடு வேண்டியிருந்தது. கடைச் சுவரை ஒட்டி ஒரு வீடு, அந்த வீட்டுச் சுவரை ஒட்டி இன்னொன்று என்று இரண்டு வரிசையும் வளர்ந்து, கடையின் பேரையே சுவீகாரம் எடுத்துக்கொண்டன. குடிகாரப் பேர் என்று பாதிரிமார் முகம் சுளித்தார்கள். நகரசபை ஒரு கவர்னர் பேரை வைத்துப் பார்த்தது; தெருவில் ஒருத்தர் வாயிலும் அது நுழையவில்லை. கடைசியில் நகரசபை பேரை மாற்றும் வேலையை விட்டுவிட்டு, தெருவையே இடித்துவிடலாம் என்று முடிவு செய்தது. முதலில் போனது பப்தான். கோடையில் நாரைப் பலகையைக் கழற்றி லாரியில் எறிந்ததை ஹெட்டி தன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலையில்கூட நகரசபை ஆள் வந்திருந்தான். பார்ஜெட்டர் என்று பேர், கழுத்துக்குப் பெரிய காலர்.

"மிஸஸ் சக்டன், திங்கக்கிழமை ஆம்புலன்ஸ் வந்துடும். உங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில சேர்த்துடுவோம். நீங்க ஒன்பதாவது மாடியில நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதியா? லிஃப்ட் நின்னு போனா நான் என்ன, பறந்தா இறங்கறது?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"என் நல்லதை நான் பார்த்துக்கறேன் தம்பி. அவரை இந்த வீட்டை விட்டுத் தூக்கணும்னா, பக்கத்துல என்னையும் சேர்த்துப் போட்டுத் தூக்கு. அதுவரைக்கும் ஒருத்தனும் என் படி ஏறக்கூடாது. கெளம்பு."

அவள் கையில் கரி அள்ளும் கரண்டி இருந்ததால் அவன் படியிறங்கிப் போனான்.

அவள் வீம்புக்குப் பேசவில்லை. இரும்புப் பட்டறையில் சாணை பிடித்துப் பிடித்துக் கிளெமின் நெஞ்சு முழுக்கத் தூள். ஆஸ்பத்திரிக்குப் போன பட்டறைக்காரர் யாரும் திரும்பி வந்ததில்லை. "படுத்த வாக்குல என்னை இந்தப் படியைத் தாண்டித் தூக்கிட்டுப் போக விட்டுடாதடி," என்று அவர் கேட்டிருந்தார். "எவன் வர்றான்னு பார்க்கறேன் கிழவா," என்று இவள் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் இவ்வளவு சண்டையும்.

பார்ஜெட்டர் போனதும் பின் வரிசையில் இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. புழுதி புகையாகத் தெருவுக்குள் புரண்டு வந்தது. கிளெம் இருமி இருமி உதடு நீலமாகிப் போனதைப் பார்த்து, ஹெட்டி மாடியிலும் கீழேயும் முன்பக்கத் திரைகளை இழுத்து மூடி, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகினாள். அதற்குப் பிறகுதான் இருமல் கொஞ்சம் அடங்கியது.

நவம்பர் வெளிச்சம் சீக்கிரமே சோர்ந்துவிடும். தேநீர் வேளைக்கு இயந்திரம் நின்றது, ஆட்கள் போனார்கள், தெருவில் வெள்ளைப் புழுதி மெல்லப் படிந்தது. கணப்பில் கரி வெடிக்கிற சத்தம், கெண்டியின் மூடி நடுங்குகிற சத்தம், மேலே கிளெம் மூச்சை இழுக்கிற சத்தம். இவை மூன்றும் அவளுக்குப் பழகியவை. நான்காவதாக ஒன்று கேட்டது. நார்த் தூரிகை கல்லில் வட்டமாகத் தேய்கிற சத்தம். தேய்த்தல், நிறுத்தல், துணியைப் பிழிதல், மறுபடி தேய்த்தல். ஒரு வீட்டில் இல்லை, அடுத்தடுத்த வீடுகளில், முன்னும் பின்னுமாக, வெள்ளிக்கிழமைக் காலைகளில் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்தாற்போல் குனிந்து தேய்ப்பார்களே, அதே மாதிரி.

ஹெட்டி திரையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். தேய்ப்பவர்கள் யாரும் இல்லை. தெரு நெடுக, வீடு இருந்த இடத்திலும் வீடு இடிந்த இடத்திலும், படிகள் எல்லாம் வெள்ளை விளிம்போடு வரிசையாக ஈரமாக மின்னின. இன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. கிழமை தப்பிப் படி கழுவுவது எதற்கு என்று அவளுக்கு நினைவுக்கு வருவதற்குள் எதிர்வீட்டு ஜன்னலில் ஏதோ அசைந்தது.

கண்ணாடி இல்லாத அந்தச் சட்டத்துக்குள் ஒரு திரை மூடிக்கொண்டிருந்தது. பழுப்புத் திரை. கீழ் மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறை. லம்ப் வீட்டுக்காரி அதை மடித்து வண்டியில் வைத்ததை ஹெட்டி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பித்தளை வளையங்கள் கம்பியில் உரசி ஓடி, நின்றன. அடுத்த வீட்டில் ஒரு திரை மூடியது. அதற்கடுத்த வீட்டில். எதிர் வரிசை முழுக்க ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மரியாதையாக.

இந்த மரியாதை அவளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ முறை செய்திருக்கிறாள். மூணு நாரைத் தெருவில் பகலில் முன்திரையை மூடினால் ஒரே அர்த்தம்தான்: இந்த வீட்டில் பிணம் கிடக்கிறது. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. திரையைப் பார்த்ததும் எதிரும் பக்கமும் தங்கள் திரைகளை மூடும். சவப்பெட்டி அழுக்குப் படியைத் தாண்டக்கூடாது என்று பெண்கள் எந்தக் கிழமையானாலும் படி கழுவுவார்கள். பப்பிலிருந்து ஆண்கள் குடித்த குவளையை வைத்துவிட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றுவார்கள். வெயில் கொளுத்தினாலும் காய்ச்சல் அடித்தாலும், உயிரோடு இருப்பவர்கள் வீட்டில் பகலில் ஒருத்தியும் முன்திரையைத் தொடமாட்டாள்.

ஹெட்டி தன் கையிலிருந்த திரையைப் பார்த்தாள்.

"அட பாவி, நானே சொல்லிட்டேனே."

பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது அவளுக்கு. திரையை இரு கையாலும் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பிய்ந்து விழுந்தது. கதவைத் திறந்து படியில் நின்று, ஆலைத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய அந்தப் பெரிய குரலில் கத்தினாள்.

"இங்க யாரும் சாகல! கேட்டுச்சா? புழுதிக்குத்தான் மூடினேன்! என் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு! போங்க எல்லாரும்!"

ஒரு திரையும் திறக்கவில்லை.

தெருக்கோடியில், வெறும் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது. புளித்த பீர் வாசனை, ஈர மரத்தூள் வாசனை, சுருட்டு வாசனை. மேலே எங்கோ ஒரு பலகை கீச்சிட்டு ஆடியது. வெளிச்சத்திலிருந்து ஆண்கள் வந்தார்கள். சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். தொப்பிகள் இறங்கின. முகங்கள் தெரியவில்லை, ஆனால் நின்ற விதத்தை வைத்தே அவளால் பேர் சொல்ல முடியும். எல்லாருடைய பெட்டிக்குப் பின்னாலும் அவள் நடந்திருக்கிறாள்.

அவர்களுக்கு முன்னால் ஒரு பருத்த பெண் நடந்து வந்தாள். இடுப்பில் வெள்ளைப் பீங்கான் பூச்சுப் பாத்திரம். தோளில் துண்டு. மார்த்தா பிரிக்ஸ். தெருவில் பிறந்த குழந்தையையும் செத்த உடம்பையும் கழுவியவள். கூப்பிடாமலே வருவாள். கடைசியில் அவளை ஹெட்டிதான் கழுவினாள்.

"நீ உட்காரு கண்ணு," என்றாள் மார்த்தா, எப்போதும் சொல்கிற அதே இதமான குரலில். "மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"என் படியில கால வச்சே, காலை ஒடிச்சிடுவேன் மார்த்தா."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு."

ஹெட்டி கதவை அறைந்து மூடினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றாள். வெளியே காலடி எதுவும் இல்லை. தட்டும் சத்தமும் இல்லை.

மேலே கிளெம் இருமினார். அப்பாடா என்றிருந்தது.

பிறகு தண்ணீர் சத்தம். பாத்திரத்தில் துணியை முக்கி எடுத்து, பிழிகிற சத்தம்.

"ஹெட்டி," என்றார் கிளெம் மேலேயிருந்து, தூக்கக் கலக்கத்தில். "தண்ணி சில்லுன்னு இருக்குடி."

மாடித் திரை. அதை அவள் மறந்தே போயிருந்தாள். அது இன்னும் மூடியிருந்தது.

கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். படிக்கட்டு குறுகல், பாதியில் ஒரு திருப்பம். முழங்கால் இடித்தது. அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. சோப்பு வாசனை மட்டும். ஈரத் துண்டு நாற்காலி மேல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கிளெம் மல்லாந்து படுத்திருந்தார். கல்யாணச் சட்டை. தலை வாரி வகிடு எடுத்திருந்தது. கைகள் நெஞ்சின் மேல் கோத்திருந்தன. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, உச்சியில் முடிச்சு. மூடிய கண்களின் மேல் இரண்டு செப்புக் காசுகள்.

நெஞ்சு ஏறி இறங்கியது.

கட்டிய வாய்க்குள்ளேயே அவர் இருமினார். உடம்பு குலுங்கியது. காசுகள் அசையவில்லை.

"இல்ல," என்றாள் ஹெட்டி. "இல்ல. இல்லடா கிழவா."

திரையைக் கிழித்தாள். காசுகளைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து வெளியே எறிந்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கிளெம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்வை தெளிவாக இருந்தது.

"கீழ யாருடி?"

"யாரும் இல்ல. நீ மூச்சை மட்டும் விடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

கீழே தாழ்ப்பாள் நகர்ந்தது. முதலில் மேல் தாழ்ப்பாள். பிறகு கீழ்த் தாழ்ப்பாள்.

காலடிகள். கனமான பூட்ஸ், ஆனால் மெதுவாக. பாரம் சுமப்பவர்கள் வைக்கிற அடி.

"மூலையில பார்த்து," என்றது ஒரு குரல், நல்ல அண்டைவீட்டுக்காரனின் குரல். "சுவத்துல இடிக்காம. ஹெட்டி கஷ்டப்பட்டு வெள்ளையடிச்சிருக்கா."

ஹெட்டி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இடக்கையால் கிளெமின் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. வலக்கையில் கம்பி.

"வாங்கடா!" என்று கத்தினாள். "எவனுக்குத் தைரியம் இருக்கோ வாங்கடா!"

காலடிகள் நின்றன. அவள் கத்தியதைக் கேட்டார்கள். கிளெமின் இருமலையும் கேட்டார்கள். யாரோ பரிவோடு உச்சுக்கொட்டினார்கள்.

மறுபடி ஏறினார்கள்.

திருப்பத்தில் பெட்டியின் முனை தெரிந்தது. அந்தப் படிக்கட்டில் நுழையவே முடியாத அகலம். எங்கும் இடிக்கவில்லை. அதற்கு மூடி இல்லை. ஹெட்டி எழுந்து நின்று, கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

பெட்டிக்குள்ளே சலவை செய்த துணி விரித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணைகள் வைத்திருந்தார்கள்.