கடைசிப் பெட்டி தாண்டும் வரை

“கடைசிப் பெட்டி தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. வீடியோல சத்தம் ஏறிடும்.”

“தும்மல் வந்தா?”

“அடக்கிக்கோ.”

“விக்கல்?”

“உன்னை உங்கம்மா வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கணும், சிம்ரா.”

“அவனவன் பொண்டாட்டியை பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிக்கினு போறான். நீங்க கூட்ஸ் வண்டி காட்டுறீங்க.”

“அங்க இன்னா கீது? ஒரே மாதிரி அலை வரும், ஒரே மாதிரி போவும். இங்க நாப்பத்தஞ்சு பெட்டி வரும். ஒண்ணைப் போல ஒண்ணு இருக்காது.”

நானும் என் கணவர் அஃப்தாபும் கடைசியாகப் பேசியது இவ்வளவுதான்.

சைதாப்பேட்டையில், அடையாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், ரயில்வே மதில் ஓரிடத்தில் இடிந்து கிடக்கிறது. உள்ளே நுழைந்தால் ஒரு பூவரச மரம், அதற்கப்பால் தண்டவாளம். சரக்கு வண்டி பார்க்கச் சென்னையில் எந்த இடம் நல்லது என்று அஃப்தாப் ஒரு டைரியே எழுதி வைத்திருந்தார். கோடம்பாக்கம் பாலத்தின் மேலிருந்து கூரைகள் மட்டும்தான் தெரியும். மாம்பலம் நடைமேம்பாலத்தில் கூட்டம் தள்ளிவிடும். கிண்டி பிளாட்பாரத்தின் கோடி பரவாயில்லை. ஆனால் முதல் இடம் இதுதான். மூன்று மணி வெயில் பெட்டிகளின் பக்கவாட்டில் நேராக விழும்.

அன்று அவர் தண்டவாளத்துக்கு அருகில் போனை உயர்த்தி நின்றார். பத்தடி பின்னால், மரத்தடியில் நான். வண்டி வந்தது. பாதிப் பெட்டிகள் தாண்டியிருக்கும். தூரத்துப் பெட்டி ஒன்றிலிருந்து கட்டு அவிழ்ந்த இரும்புப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தேன். அவருடைய கண் திரையில் இருந்தது.

வாயைத் திறந்தேன்.

உடனே கையால் பொத்திக்கொண்டேன். சத்தம் ஏறிவிடுமே என்று.

அந்த ஒரு மூச்சு நேரம் போதுமானதாக இருந்தது. பட்டை அவர் தாடையை அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. மீதிப் பெட்டிகள் நிதானமாகத் தாண்டின. கடைசியில் வந்த கார்டு, வழக்கமாகக் கையசைக்கும் மனிதரைத் தேடியவர்போல, மரத்தடியில் நின்ற என்னை மட்டும் பார்த்துப் பச்சைக் கொடியை அசைத்துவிட்டுப் போனார்.

நான் எதையும் பார்க்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் அது தொடங்கியது. எங்கள் வீடு தண்டவாளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மின்சார ரயில் போனால் ஒன்றுமில்லை. சரக்கு வண்டியின் கனத்த ஓசை கேட்டால் மட்டும், காய்ந்த இரும்பின் வாடை வீட்டுக்குள் வரும். அதற்குப் பின்னாலேயே ரத்தவாடை.

முதல் நாள் தட்டுகள் உடைந்தன. அடுத்த வாரம் என் கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதியது.

பிறகு விரல்கள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத பத்து விரல்கள் என் உதடுகளுக்கிடையே நுழைந்து, தாடையைக் கீழே இழுத்தன. தனக்கு நேர்ந்ததை எனக்கும் செய்யப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சத்தம் போட்டால் கோபம் கூடும் என்று துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு கிடப்பேன். நான் அடங்க அடங்க அடி பலத்தது. இரண்டு பற்கள் போயின. கடைசிப் பெட்டி தாண்டியதும் எல்லாம் நின்றுவிடும்.

குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று மாமியாரிடம் சொன்னேன்.

அவர் போன எட்டாம் மாதம், அந்த டைரி என் கொழுந்தன் ஹஸன் கையில் கிடைத்தது. அண்ணன் நின்ற இடங்களிலெல்லாம் தானும் நின்று வீடியோ எடுக்கப்போவதாகக் கிளம்பிவிட்டான். இருபத்தாறு வயது. தி. நகர் ஜவுளிக்கடையில் விற்பனையாளன். அடுத்த மாதம் நிக்காஹ். கோடம்பாக்கம் முடிந்தது, மாம்பலம் முடிந்தது, கிண்டி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் பின்னாலேயே நானும் அந்த இடிந்த மதில் வரை போனேன். அண்ணி என்னை அவன் பாபி என்றுதான் கூப்பிடுவான்.

“பாபி, வெயில்ல நீங்க எதுக்கு? வீட்டுக்குப் போங்க.”

“இங்க வேணாம்டா ஹஸன். கிண்டிக்கே போலாம், வா.”

“கிண்டியில போலீஸ்காரர் என்னைப் பாத்தாலே சிரிக்கிறாரு. ‘இன்னா நைனா, கூட்ஸ் வண்டியத்தான் கட்டிக்கப் போறியா?’ன்றாரு.”

“சொன்னா கேளு. உனக்கு ஒண்ணு ஆனா உங்கம்மா தாங்க மாட்டாங்க.”

“பாய்ஜான் முதல் இடம்னு எழுதி வெச்சிருக்கு. ஒரே ஒரு வண்டி, பாபி. அப்புறம் டைரியை உங்ககிட்டயே குடுத்துடறேன்.”

அவன் மதில் இடுக்கில் நுழைந்தான். தண்டவாளத்திலிருந்து நன்றாகவே தள்ளி நின்றான். அதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஹார்ன் ஒலித்தது.

பூவரச இலைகள் அசையவில்லை. ஆனால் இரும்பு வாடை வந்துவிட்டது.

இன்ஜின் தாண்டியது. முதல் பெட்டி. இரண்டாவது. ஹஸனின் சட்டைக் காலர் பின்னாலிருந்து யாரோ பிடித்ததுபோல விறைத்து நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது.

அவனை இழுத்தது.

குதிகால்கள் ஜல்லியை உழுதன. போன் எகிறி விழுந்து சக்கரத்தடியில் நொறுங்கியது. தலைமுடியைப் பற்றிய ஏதோ ஒன்று, அவன் முகத்தை ஓடும் பெட்டிகளை நோக்கித் திருப்பித் தள்ளியது. ஒரு கைப்பிடிக் கம்பி உரசிப் போனது. பாதிக் காது இல்லை.

“பாபீ!”

நான் ஓடினேன். நாலடி போவதற்குள் கீழே சாய்க்கப்பட்டேன். ஜல்லிக்கல் முதுகைக் கிழித்தது. பழக்கத்தில் என் கை துப்பட்டாவை வாய்க்குள் திணித்தது.

அது பிடுங்கி எறியப்பட்டது.

பத்து விரல்களும் உள்ளே வந்தன. உதட்டோரம் கிழிந்தது. தாடையை இழுத்தன, விட்டன. மறுபடி இழுத்தன, விட்டன. பிய்ப்பவன் நடுவில் விடமாட்டான். பேச்சு வராத குழந்தையின் வாயைத் திறந்து திறந்து காட்டுவதுபோல இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று நான் விழுங்கிய சத்தத்தைத்தான் கேட்கிறார்.

ஹஸனின் நெற்றிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“என்னங்க!” என்று கத்தினேன். எட்டு மாதமாகத் தொண்டையில் கிடந்தது கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. “என்னங்க, தள்ளி வாங்க! இரும்பு வருது, தள்ளி வாங்க!”

ஹஸன் மூட்டைபோல் பின்னால் எறியப்பட்டான். மரத்தில் மோதித் தோள் எலும்பு நகர்ந்த சத்தம் வண்டியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. ஆனால் மூச்சு இருந்தது. அம்மா, அம்மா என்று முனகினான்.

அவனை மடியில் போட்டு, பக்கத்தில் கிடந்த துப்பட்டாவை எடுத்துச் சுருட்டிக் காதில் அழுத்தினேன்.

“பாபி… யாரு பாபி அது? யாரோ புடிச்சாங்க…”

“ஒண்ணும் இல்லடா. முடிஞ்சுது. நீ கண்ண மூடிக்கோ.”

கடைசிப் பெட்டி தாண்டியது. பாலத்தின் மேல் அதன் ஓசை தேய்ந்து மறைந்தது. எப்போதும் இந்த நொடியில் எல்லாம் நின்றுவிடும்.

வாடை போகவில்லை.

என் கழுத்துக்குப் பின்னால், வெயிலைவிடச் சூடாக ஒரு மூச்சு. ஈரமாக ஏதோ என் தோளில் சொட்டியது. தாடையெலும்பு எலும்போடு உரசிப் பொருந்தும் மெல்லிய சத்தம், மிக நிதானமாக, மிகப் பொறுமையாக.

பிறகு, காதோடு ஒட்டி, அவருடைய குரல்.

“இன்னொரு தடவை கூப்பிடு, சிம்ரா.”