பூஜ்யத்துக்கும் ஒரு சொல்

இளமதி ஊர் மாறிப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவள் அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்ததால், கும்மிடிப்பூண்டி வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அவள் தோழி ஸ்நேகாவுக்கு அந்த எட்டாம் வகுப்பு நாட்கள் அடிக்கடி நினைவுக்கு வரும்.

அப்போது கணினி அறையில் இருவரும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். இளமதிக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி வாசிக்கும், அவள் கேட்டுக்கொள்வாள்.

ஒருநாள் துளசிராமன் சார் இயற்கணிதப் போட்டிக்காகக் கணினியில் ஒரு பயிற்சி கொடுத்தார். அதில் ஒவ்வொரு கோவையும் வெறும் எண்களாகவே இருந்தது. முதல் எண் எக்ஸ் கியூபுக்கு, அடுத்தது எக்ஸ் ஸ்கொயருக்கு, மூன்றாவது எக்ஸுக்கு, கடைசி எண் தனி. எக்ஸ் ரெண்டு என்றால் விடை என்ன என்று சொல்ல வேண்டும்.

"நாலு, பூஜ்யம், பூஜ்யம், மைனஸ் ஒண்ணு" என்று கடகடவென்று சொன்னது கணினி.

இளமதி ஹெட்போனைக் கழற்றினாள்.

"எது எதுக்குன்னு யோசிச்சிக்கினு இருக்கும்போதே அடுத்த கணக்கு வந்துடுது. வெள்ளிக்கிழமை போட்டிக்கு என் பேர எடுத்துடச் சொல்லப் போறேன்."

"அதெல்லாம் எடுக்காத. இரு, இன்னா பண்லாம்னு பாக்கறேன்" என்றாள் ஸ்நேகா.

அவள் சாரிடம் போனாள். "சார், இந்த நம்பரையெல்லாம் எக்ஸ் போட்ட கோவையா மாத்தற மாதிரி ஒரு புரோகிராம் எழுதட்டுமா?"

"எழுதும்மா. தப்பு வந்தா திருத்திக்கலாம்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதி முடித்தாள். கணினி இருவருக்கும் கேட்கும்படி வாசித்தது.

"நாலு எக்ஸ் கியூப் பிளஸ் பூஜ்யம் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் பூஜ்யம் எக்ஸ் பிளஸ் மைனஸ் ஒண்ணு."

"பிளஸ்ஸா மைனஸா, மொதல்ல அது முடிவு பண்ணட்டும்" என்றாள் இளமதி.

திரையில் பார்த்தபோது ஸ்நேகாவுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள். தலை சுற்றியது.

பூஜ்யம் வந்தால் விட்டுவிடும்படி மாற்றினாள். மைனஸ் எண்ணுக்கு முன்னால் பிளஸ் வராமல் தடுத்தாள்.

"நாலு எக்ஸ் கியூப் மைனஸ் ஒண்ணு."

"எக்ஸ் ரெண்டுன்னா முப்பத்தொண்ணு" என்று உடனே சொன்னாள் இளமதி.

அடுத்த கணக்குக்குப் போனார்கள். கணினி பேசவில்லை. இருவரும் காத்திருந்தார்கள்.

"இன்னாடி, கோச்சிக்கினு போயிடுச்சா?" என்றாள் இளமதி.

ஸ்நேகா திரையைப் பார்த்தாள். நான்கு எண்களுமே பூஜ்யம். அவள் எழுதியபடியே கணினி எல்லாவற்றையும் விட்டுவிட்டது. சொல்ல எதுவும் மிச்சமில்லை.

விஷயத்தைக் கேட்டதும் இளமதி மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். ஸ்நேகாவும் சிரித்துக்கொண்டே இன்னொரு வரி சேர்த்தாள். எல்லாம் பூஜ்யமாக இருந்தால், பூஜ்யம் என்று ஒருமுறை சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை போட்டியில் அந்தப் புரோகிராம்தான் இளமதிக்குக் கேள்விகளை வாசித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் கைதான் முதலில் உயர்ந்தது.

"மத்தவங்களுக்கும் கொஞ்சம் வுடும்மா" என்றார் சார்.

இளமதி கையை இறக்கினாள். அடுத்த கேள்வி முடிவதற்குள் அது மறுபடியும் மேலே போயிருந்தது.