நாற்பது பைகளில் ஒரே மண்

நாற்பது வயல்கள். நாற்பது பைகள். ஆனால், மண் மட்டும் ஒரே மண்...

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? மண் பரிசோதனை அதிகாரியான அவள் மனசுக்குள் மூன்றாவது முறையாக வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

கூடத்தின் போன் அலறியது!

"மேடம், ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். உங்க கள ஆய்வாளர் செத்துக் கிடக்கார்."

மண்புழு! ஆபீஸே அவரை அப்படித்தான் கூப்பிடும். முப்பது வருஷம் வயல் வயலாகக் குனிந்தவர்.

"எ... எப்படி?"

"பெரிய பண்ணையில, வரப்போர மரத்தடியில. பின்மண்டையில அடி. பக்கத்துல மண்வெட்டி, ஒரு குழி. மண்ணெடுக்கும்போது விழுந்திருப்பார்னு..."

"மரத்தடியிலயா?"

"ஏன், என்ன மேடம்?"

"பரிசோதனைக்கு அங்க மண்ணெடுக்கவே கூடாது சார். இலை மக்கி, பறவை எச்சம் விழுந்து, செத்த நிலத்துலகூட அங்க மட்டும் மண் அருமையா இருக்கும். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்!"

போனை வைத்தாள்.

பைகளைக் கிளறினாள். முதல் பையில் மெல்லிய மரவேர்... பத்தாவதில் மரவேர்... நாற்பதாவதிலும்!

அந்தக் குழியை அவர் வெட்டவில்லை. வெட்டியவனைப் பிடிக்கப் போயிருக்கிறார்!

பைகளைக் கொண்டு வந்தவர்...

கதவு திறந்தது.

அண்ணன். மானியப் பிரிவு அதிகாரி.

"ரிப்போர்ட் ரெடியாம்மா? இந்த வருஷம் உரத்துக்கு மானியம் கிடையாது. ரசாயனத்தை விட்டு மண்ணைத் தேத்தினவனுக்குத்தான். நீ கையெழுத்துப் போட்டா என் ஆளுங்க நாப்பது பேரும் பாஸ்!"

"நிஜமாவே தேத்தினவங்க?"

"அடுத்த வருஷம் பார்த்துக்கட்டும். அவங்களுக்கென்ன, பொறுமைசாலிங்க!"

சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்த அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அண்ணன். அந்தத் தோள்களையே பார்த்தாள்.

"எல்லாப் பையும் அந்த ஒரே மரத்தடியில எடுத்ததா அண்ணா?"

அண்ணன் முகத்தில் சிரிப்பு நின்றது.

"கெடுக்கப் பார்த்தாரும்மா... ஒரே ஒரு அடிதான். சாவாருன்னு நினைக்கல..."

அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"போடும்மா. நீ போட்டுட்டா மரத்தடியை எவனும் தோண்ட மாட்டான்."

பேனாவை மூடினாள். நாற்பது பைகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவனை ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம பார்க்க வரேண்ணா," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு எனக்கும் லீவுதானே!"