பன்னிரண்டாவது பொம்மை

தேர்வுக்காக எங்கள் வகுப்பறையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால்தான் அந்த மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பழைய கட்டடத்துக் கூடத்துக்குப் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்கிற ஆள் நான். ஒன்பதாம் வகுப்புக்குச் சூழலியல் எடுக்கிறேன். அந்த வகுப்பைத் தினமும் மேய்க்கிறவளுக்குப் பேயெல்லாம் எம்மாத்திரம்?

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வானம் மூடிக்கொண்டு கிடந்தது. கூடத்தின் மரக்கதவு மழையில் ஊறி உப்பியிருந்ததால் தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் திறக்க முடிந்தது. உள்ளே, பூட்டியே கிடக்கும் இடங்களுக்கு உண்டான வாடை. சுண்ணாம்பு, எலி, ஈரத்துணி. ஜன்னல்கள் கைக்கு எட்டாத உயரத்தில் சின்னச் சின்னதாக இருந்தன. கண்காட்சி முடிந்து கழற்றாமல் விட்ட படம் ஒன்று எதிர்ச்சுவரில் தனியாக ஒட்டியிருந்தது.

இந்த மூன்று பேரின் படம்தான் அது. தலைவிக்கு நான் வைத்த பெயர் கேப்டன். விளையாட்டில் அல்ல, பிறவியிலேயே கேப்டன், என்னையே அதட்டுவாள். வரைகிற பையன் பென்சில், ஒல்லிக்கு ஒல்லி. மூன்றாவது மூக்கு. யார் சாப்பாட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடும் பெண். பெரியவர்கள் யார் எது கேட்டாலும் எழுந்து நின்று பதில் சொல்வாள். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வேலை இதுதான். சூழல் பேரழிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, எண்களையும் பொம்மைகளையும் வைத்து ஒரே தாளில் சொல்ல வேண்டும். தகவல் படம் என்று பெயர். முடித்த பிறகு குழுவாக உட்கார்ந்து, என்ன செய்தோம், எங்கே சொதப்பினோம், திரும்பச் செய்தால் எதை மாற்றுவோம் என்று என்னிடம் பேச வேண்டும். மற்ற குழுக்கள் வெள்ளம், காட்டுத்தீ என்று முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர்கள் மட்டும்தான் பாக்கி.

இவர்கள் எடுத்தது எங்கள் ஊர்ச் சம்பவம். நான் பிறப்பதற்கு முன்னால் ஆற்றங்கரையில் பூச்சிமருந்து ஆலை ஒன்று இருந்ததாம். ஒரு நாள் விடியற்காலையில் தொட்டி உடைந்து விஷவாயு கிளம்பியது. ஓடி வந்த ஜனம் இந்தக் கூடத்தில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. வாயு கதவுக்கு அடியில் வந்தது. செத்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர். பாதிக்கு மேல் இங்கேயேதான்.

அது தெரிந்தும் இங்கே கூட்டி வந்தீர்களா என்று கேட்பீர்கள். ஊரில் யாரும் செத்துப்போகாத இடம் எங்கே இருக்கிறது?

மூன்று நாற்காலிகளைப் படத்துக்கு எதிரே போட்டேன். உட்கார்ந்ததும் மூக்கு மூச்சை இழுத்தாள்.

"மிஸ், அழுகின வைக்கோல் மாதிரி வாடை அடிக்குது."

"எலி செத்துக் கிடக்கும். ஆரம்பிங்க."

கேப்டன் எழுந்து ஒப்பித்தாள். "குழுவா வேலை செய்றப்போ ஒற்றுமை ரொம்ப முக்கியம்னு கத்துக்கிட்டோம் மிஸ். நேர மேலாண்மையும்..."

"காதுல பூ சுத்தாதே. நிஜமா என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"இவன் நேரத்துக்கு வரைஞ்சே குடுக்கல மிஸ். இவ பாதி நாள் சளின்னு வரல. எல்லாத்தையும் நான்தான் இழுத்துக்கிட்டு அலைஞ்சேன்."

"இதுதான் நீ. இப்ப நல்லா இருக்கு," என்றேன். மூக்கு சிரித்தாள். பென்சில் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ், நான் அந்தக் கடைசி பொம்மைய மாத்தணும்."

படத்தில் பன்னிரண்டு மனித உருவங்கள் கறுப்பு மையில் கைகோத்த மாதிரி வரிசையாக நின்றன. கீழே எழுதியிருந்தது: ஒரு பொம்மை, பத்துப் பேர்.

"பதினொரு பொம்மை முழுசு மிஸ். பன்னிரண்டாவதுல ஏழு பேர்தான். அதனால தலையிலேர்ந்து முழங்கால் வரைக்கும் மை அடிச்சிட்டு, கீழ வெறும் கோடா விட்டிருந்தேன். இவதான்..."

"அசிங்கமா இருந்துச்சு மிஸ்," என்று கேப்டன் குறுக்கே வந்தாள். "கால வெட்டி எடுத்த மாதிரி. யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்க, முழுசா அடிச்சிடுன்னு சொன்னேன். மூணு பேர்தானே கூட வருது."

எல்லாக் குழுவும் செய்கிற வேலைதான். முழு எண்ணாக்கிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். மதிப்பெண் குறைக்க வேண்டிய தப்புதான், வேறென்ன? அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். பென்சில் முந்திக்கொண்டான்.

"அந்தக் காலு மட்டும் காயவே மாட்டேங்குது மிஸ்."

எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். உருவத்தின் மார்பு, கை, தொடை எல்லாம் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே விரலை வைத்ததும் வழுக்கியது. விரல் கறுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தேன்.

அழுகின வைக்கோல். அந்த விஷவாயுவும் இப்படித்தான் நாறியதாக ஊரில் சொல்வார்கள்.

வெளியே இடி இடித்தது. விளக்கு அணைந்தது. கூடத்தில் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. அப்போதுதான் கேட்டது. முதலில் மழை என்றுதான் நினைத்தேன். இல்லை. நிறைய பேர் மூச்சு விடுகிற சத்தம். பக்கத்தில், தரையோடு தரையாக, படுத்துக்கொண்டு, இழுத்து இழுத்து.

பென்சில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு ஒரு பெண்ணின் குரல். பயங்கரமான குரல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கூட்டமான பேருந்தில் ஏறிவரும் நடுத்தர வயது அம்மாளின் குரல். களைத்துப்போன, நல்ல குரல். படத்தின் பக்கத்திலிருந்து வந்தது.

"இங்க மூணு இடம் போட்டு வச்சிருக்கே. யாருக்கும்மா?"

நாங்கள் யாரும் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

மூக்கு எழுந்து நின்றாள். பெரியவர்கள் கேட்டால் எழுந்து நிற்கிற பெண் அல்லவா?

"யாருக்கும் இல்லைங்க. காலியாத்தான் இருக்கு."

"அப்ப வந்துடுங்க."

அவ்வளவுதான். மூக்கு இருமத் தொடங்கினாள். அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். அடுத்து கேப்டன். அடுத்து பென்சில். என் கண்கள் எரிந்து நீர் கொட்டியது. தொண்டையில் ஈரத்துணியைத் திணித்தது போல் இருந்தது. கதவுக்கு ஓடினேன். இழுத்தேன், உதைத்தேன். அசையவில்லை. கதவின் அடியிலிருந்து இடுப்புயரம் வரை மரம் முழுக்கக் கீறல்கள். பழைய கீறல்கள். உள்ளே வரும்போது அவை என் கண்ணில் படவே இல்லை.

"அது காலி இடம் இல்லைங்க!" என்று கத்தினேன். "பிள்ளைங்க தெரியாம தப்பா போட்டுட்டாங்க!"

"போட்டது போட்டதுதானேம்மா."

"பிள்ளைங்கள விட்டுடுங்க. ஆள் வேணும்னா நான் வரேன்."

மூச்சுச் சத்தம் எல்லாம் ஒரு கணம் நின்றது. யோசிக்கிறார்கள் என்று தோன்றியது.

"நீங்க ஒரு ஆள்தானே?"

கணக்கில் அவர்கள் எங்களை விடக் கெட்டிக்காரர்கள். எங்களுக்குத்தான் மூன்று பேர் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். அவர்களுக்கு அப்படி இல்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது.

"பென்சில்! பிளேடு வச்சிருக்கியா? அந்தக் கால வெட்டி எடுடா!"

தாள் வெட்டுகிற பிளேடு எப்போதும் அவன் பையில் இருக்கும். இருமிக்கொண்டே தவழ்ந்து போனான். எழுந்து எட்டி, பன்னிரண்டாவது பொம்மையின் முழங்காலில் பிளேடை வைத்தான். தாள் கிழிகிற சத்தம் கேட்கவில்லை. வேறு ஏதோ சத்தம் கேட்டது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

மூக்கு தரையில் விழுந்துவிட்டாள்.

"வெட்டுடா!"

கறுப்புக் கால்கள் இரண்டும் பெயர்ந்து தரையில் ஈரமாக விழுந்தன. கதவு தானாகத் திறந்தது.

மூக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினேன். முற்றத்தில் மூன்று பேரும் வாந்தி எடுத்தார்கள். பிறகு மூச்சு வந்தது. கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். "நான்தான் மிஸ் முழுசா அடிக்கச் சொன்னேன்." இல்லையடி, இல்லையடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூக்கு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மழை வாடை அடிக்குது மிஸ்," என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அந்த வாரக் கடைசியில் மூக்கு இறந்துபோனாள்.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார் மருத்துவர். எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுடைய அப்பா மருத்துவமனை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அவ உங்க வகுப்புன்னா ஒரு நாள்கூட விடமாட்டா," என்றார்.

அடுத்த நாள் காலையில் தனியாகக் கூடத்துக்குப் போனேன். படத்தைக் கிழித்துக் கொளுத்திவிட வேண்டும் என்றுதான் போனேன். வெயில் நன்றாக அடித்தது. மூச்சுச் சத்தம், வாடை ஒன்றும் இல்லை. பென்சில் வெட்டிய ஓட்டை வழியாக வெள்ளைச் சுவர் தெரிந்தது.

முழுக்க வெள்ளையாக இல்லை.

முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் நடு வரைக்கும், சுவரிலேயே கறுப்பு இறங்கியிருந்தது. ஈரமாக. ஒரு ஆளுக்கு உண்டான அளவு. துல்லியமாக.

படத்தைக் கிழித்தேன். கொளுத்தினேன். பன்னிரண்டு பொம்மைகளும் சாம்பலாகிவிட்டன. சுவரில் அந்த ஒரு துண்டுக் கால் மட்டும் நின்றது. சுரண்டினேன். சுண்ணாம்பு பூசச் சொன்னேன். பூசினவன், "உள்ளேர்ந்து ஊறுதும்மா, என்ன அடிச்சாலும் நிக்காது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு கேப்டனும் பென்சிலும் ஆளே மாறிவிட்டார்கள். கேப்டன் யாரையும் அதட்டுவதில்லை. பென்சில் வரைவதில்லை. தினமும் காலையில் நான் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு வருவதற்காக வாசலிலேயே காத்திருப்பார்கள். கேப்டன்தான் கேட்பாள், மெதுவாக.

"எதுவரைக்கும் மிஸ்?"

"அதே இடத்துலதான்."

அப்புறம்தான் வகுப்புக்குள் போவார்கள். நாங்கள் வேறு எதையும் பேசிக்கொள்வதில்லை. இரவில் படுத்தால் அந்த இரண்டு முகங்கள்தான். யாருடைய பிள்ளையோ, என் வயிற்றில் பிறந்த மாதிரி ஆகிவிட்டார்கள். கடவுளே, என்னை எடுத்துக்கொள், இவர்களை விட்டுவிடு என்று வேண்டாத நாளில்லை.

இன்று காலை கூடத்துக்குப் போனபோது கறுப்பு இறங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேல் வரை.

முற்றத்துக்கு ஓடினேன். கேப்டன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பென்சில். இருவரும் நன்றாக இருந்தார்கள். அவன் என்னவோ சொல்ல, வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

அப்படியானால்?

அப்போதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. நேற்று ராத்திரியிலிருந்தே லேசாக அடைத்துக்கொண்டுதான் இருந்தது; அலைச்சல் என்று நினைத்து விட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. நான் கேட்டபடி என்னை எடுத்துக்கொள்கிறார்கள்.

"எதுவரைக்கும் மிஸ்?"

"அதே இடத்துலதான்டி. போங்க, மணி அடிக்கப்போகுது."

அவர்கள் போகட்டும் என்று கூடத்துக்குத் திரும்பி வந்தேன். சுவருக்கு எதிரே நின்றேன். பாதம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பாதத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன், என்னோடு முடித்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டேன்.

காதுக்குப் பக்கத்தில் அதே நல்ல குரல்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. இன்னொரு ஆள் வரணும்."

"யாரு?"

வெளியே படிக்கட்டில் ஒரு பிள்ளை இருமியது. நின்று, மறுபடியும் இருமியது. சுவரைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டேன்.

கேப்டனா, பென்சிலா என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.