சிவப்புக் கவுன்

அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்த புஷ்பராணிக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. நேற்று மாலை திருச்சியிலிருந்து அவள் தூக்கிவந்த பை வாய் பிளந்து கிடந்தது. மாமியார் ராமாயி சேலைகளைப் பாயின் ஒரு பக்கம் அடுக்கி, அப்பளக் கட்டுகளையும் ஊறுகாய்ப் போத்தல்களையும் இன்னொரு பக்கம் ஒதுக்கி, நடுவில் ஒரு சிவப்புக் கவுனை விரித்துவைத்திருந்தாள். மூன்று வயதுப் பிள்ளை போடுகிற கவுன். அதன் மேல் ஒரு சோடி வெள்ளிக் கொலுசு.

"இது யாரு புள்ளைக்கு?"

"கடைக்குத்தான் மாமி..."

"ஸபியா கடையில புள்ளை உடுப்பு விக்கிறதில்ல. கொலுசும் விக்கிறதில்ல. போன தடவை ஒரு குட்டிச் செருப்ப சேலைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த. அதுக்கு முந்தி பூப்போட்ட சட்டை. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நம்ம மருமகதானேன்னு வாயைத் தொறக்கல."

புஷ்பராணி முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவள் வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்கவில்லை. அந்த வீட்டில் குழந்தையின் கவுன் என்ன பேச்சைக் கிளப்பும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கஹவத்தை டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸபியாவோடு அவள் இந்தியா போய்வரத் தொடங்கியது ஆசைக்காக அல்ல. தோட்டத்து லொறி ஓட்டிய அவள் புருஷன் ஸ்ரீதரன், லொறி புரண்டு இடுப்பொடிந்து ஒரு வருஷம் பாயில் கிடந்தான். தேயிலைக் கொழுந்துக் கூடையை மட்டும் நம்பி நாலு வயிறு நிறையவில்லை. அப்போதுதான் ஸபியா, "எனக்குத் துணையா வா புள்ள, சாமான் தூக்க ஒரு ஆள் வேணும்" என்று கூப்பிட்டாள். இங்கிருந்து கிராம்பும் வாசனைச் சோப்பும் போகும். அங்கிருந்து சேலை, சுடிதார், பெருங்காயம், அப்பளம் வரும். விமான நிலைய வரிசைகளில் கால் வீங்க நின்று, லொட்ஜ் தரையில் படுத்து, அவள் கொண்டுவந்ததில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. ஸ்ரீதரனின் தங்கைக்குக் கல்யாணமும் நடந்தது. கடை நிறையச் சேலை தூக்கிவந்தவள் தனக்கென்று ஒன்று எடுத்ததில்லை.

குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஸ்ரீதரன் கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"திருச்சியில யாரு இருக்கா ஒனக்கு?"

கேட்பது இவரா? இந்தக் கேள்வியை இந்த மனுஷனா கேட்கிறார்? நடிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் கோபம் இருந்தது, வலி இருந்தது, கள்ளம் மட்டும் இல்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

"பேசு புஷ்பா. யாரு புள்ள அது?"

"என்கிட்டக் கேக்காதீங்க..."

"அப்ப யார்கிட்டக் கேக்க?" என்று ராமாயி அழத் தொடங்கினாள். "எம்மவன் பாயில கெடந்தப்ப சோறு போட்டவளாச்சேன்னு சாமி மாதிரி வச்சிருந்தேனே... இதுக்குத்தானா மாசாமாசம் பறந்த?"

"பதில் சொல்லாட்டி இந்த வீட்டுல இருக்க வேணாம்" என்றான் ஸ்ரீதரன். கொலுசைப் பாயில் போட்டான். "ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்ந்துவிடும். அந்த வார்த்தை பெற்ற தாயின் முன்னால் அவனைக் குனியவைத்துவிடும். புஷ்பராணி கவுனையும் கொலுசையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு லயத்து வரிசை வீட்டைவிட்டு இறங்கினாள்.

அண்ணன் வீடு புளத்கொகுபிட்டியவில் இருந்தது. அவள் நிவித்திகல பஸ்ஸில்தான் ஏறினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிவித்திகல சந்தையில் துணி விற்கும்போதுதான் அந்தக் குழந்தையைக் கண்டாள். ஒரு சிங்களப் பெண்ணின் இடுப்பில் இருந்தது. அதே நெற்றி, அதே மடிந்த காது. ஸ்ரீதரனைச் சின்னதாகச் செய்துவைத்தது போல. அந்தப் பெண், சோமா, புஷ்பராணியை லொறி டிரைவரின் பெண்சாதி என்று அடையாளம் கண்டு ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டாள். சோமாவின் தங்கச்சி குசுமாவுக்கும் ஸ்ரீதரனுக்கும் பழக்கம். பிள்ளை பிறந்த அன்றே குசுமா செத்துப்போனாள்.

அன்று வீடு வந்த புஷ்பராணி எதையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன மிஞ்சும் என்று பயம். அவர் எழுந்து மறுபடி லொறி ஓட்டத் தொடங்கிய காலத்தில் நான் அடிக்கடி இந்தியாவில் இருந்தேனே, அதனால்தானோ என்று தன்னையே குற்றம் சொன்னாள். தெரிந்தும் பிள்ளையை அநாதையாக விட்டிருக்கிறாரே என்று அவனை வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே அவனுக்குச் சோறு போட்டாள். அடுத்த தடவை திருச்சிக் கடையில் அவள் கை தானாகவே ஒரு பூப்போட்ட சட்டையை எடுத்தது. கோபமா, பாசமா... இன்றுவரை அவளுக்கே தெரியாது.

சோமாவின் வாசலில் காலை வைத்ததும் குழந்தை நிலூகா ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "இந்தியா அம்மா ஆவா, இந்தியா அம்மா ஆவா" என்று சிங்களத்தில் கத்தினாள். வந்துவிட்டாளாம், இந்தியா அம்மா.

கவுனை அவள் தலைவழியே போட்டுவிடும்போது சோமா திடுக்கிட்டு எழுந்து நிற்பதைப் புஷ்பராணி கண்டாள். திரும்பினாள். வாசலில் ஒரு த்ரீவீலர். அதிலிருந்து இறங்கி ஸ்ரீதரன் நின்றான். அவள் எவனிடமோ போகிறாள் என்று நினைத்துப் பின்தொடர்ந்து வந்தவன், சோமாவின் முகத்தைக் கண்டான். பிறகு குழந்தையைக் கண்டான்.

"செத்துருச்சுன்னு சொன்னீங்களே..." என்றான் சோமாவிடம். "ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு சொன்னீங்களே."

தோட்டத்தோரம் வளர்ந்த சோமா தமிழிலேயே பதில் சொன்னாள். "ஆமா, சொன்னோம். தங்கச்சி செத்த வீட்டுல ஒங்க மூஞ்சியப் பாக்க எங்களுக்கு ஏலல. பொய்தான். இந்த அக்கே மட்டும் இல்லாட்டி இந்தப் புள்ளைக்கு நல்ல துணி இல்ல, செருப்பு இல்ல. நான் வாற மாசம் குவைத் போறேன். யார்கிட்டக் குடுக்க?"

ஸ்ரீதரன் அப்படியே நிலத்தில் குந்தினான். புஷ்பராணிக்கு மூன்று வருஷத்துக்கு முந்திய சில நாட்கள் நினைவுக்கு வந்தன. காரணமில்லாமல் அவன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். காய்ச்சல் என்று நினைத்து மல்லித்தண்ணி காய்ச்சிக் கொடுத்தாள். அது காய்ச்சல் இல்லை. அவன் அழுதது வேறொருத்திக்காக. மடியில் தலையைத் தாங்கியது அவள். இப்போது இரங்குவதா, காறித் துப்புவதா?

"தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தியா?" என்றான் அவன். "காலையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"ஒங்கம்மா முன்னாலயா? நான் பறிகொடுத்தது போதும். அவங்களும் ஒங்களப் பறிகொடுக்கணுமா?" கண்ணீர் தாரையாக இறங்கியது. "நீங்க தெரிஞ்சுதான் கைவிட்டீங்கன்னு ரெண்டு வருஷம் ஒங்கள மனசுக்குள்ள கொன்னுக்கிட்டு இருந்தேன். இப்ப அதுவும் இல்லேங்கிறீங்க. நான் எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

அவன் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

"வேணாம். மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கே வெளங்கல. புள்ளையத் தூக்குங்க. வீட்டுல நீங்களே சொல்லுங்க, ஒங்க வாயால."

அவர்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ராமாயியிடம் ஸ்ரீதரன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சொல்லி முடிக்குமுன் அவள் அவனை முதுகில் மாறி மாறி அறைந்தாள். பின்பு நிலூகாவின் மடிந்த காதை விரலால் தடவினாள்.

குழந்தை லயத்தையும் பந்தலில் தொங்கும் பாகற்காயையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. புஷ்பராணியின் சேலையை இழுத்து, "இதுதானா இந்தியா?" என்று சிங்களத்தில் கேட்டது.

"இல்லடி கண்ணு" என்றாள் புஷ்பராணி. "இது வீடு."

ராமாயி எழுந்து வந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்தாள். "அந்தக் கொலுச எடுத்துக் கேட்டேனே... என் நாக்கு அழுகிப் போகாதா தாயி?"

"அப்படிச் சொல்லாதீங்க மாமி."

"நீ போயிறாத. இவனப் போகச் சொல்லு. நீ போயிறாத."

புஷ்பராணி அவள் தோளில் சாய்ந்துவிட்டாள். செத்துப்போன குசுமாவுக்காகவா, வராமலே போன தன் பிள்ளைகளுக்காகவா, காலையில் பட்ட சொல்லுக்காகவா... எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள். கிழவி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "அழுதுரு, அழுதுரு" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.