கை வெளியவா?

திருகு மறுபடியும் நகர்ந்திருந்தது.

முந்தின நாள் அதன் அளவுகோலைப் பன்னிரண்டில் நிறுத்தி, லேசர்ப் பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் அவள் ஆய்வகத்தை விட்டுப் போனாள். இப்போது பன்னிரண்டே கால். சாவி அவளிடம் மட்டும்தான். மூன்றாம் நாளாக இதே கதை. முதலிரண்டு நாளும் வீம்புக்குப் பன்னிரண்டுக்கே திருப்பி வைத்தாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், நகர்ந்த இடத்தில்தான் லேசர் துடிப்பு இன்னும் குறுகலாக வந்தது.

நுண்நோக்கியின் கண்ணாடிகளைக் கடக்கையில் துடிப்பு இழுபட்டுத் தளர்ந்துவிடும். இரண்டு முப்பட்டகங்களுக்கு நடுவே முன்கூட்டியே இறுக்கி அனுப்பினால் தசைக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆழம் பார்க்கலாம். அந்தச் சுருக்கியை இரண்டு வருடமாக அவளே கட்டிக்கொண்டிருந்தாள்; அதன் முப்பட்டகத்தை நகர்த்துவதுதான் அந்தத் திருகு.

ஆய்வக இயக்குநர் போனில் கூப்பிட்டார். "இன்னுமா உருட்டிக்கிட்டிருக்கே? நாலு மணிக்கு ஆள் வந்து எல்லாத்தையும் கழட்டிருவாங்கம்மா."

"ஒரு மில்லிமீட்டர் காட்டிட்டா?"

"காட்டு, பார்ப்போம். உன் பிடிவாதந்தான் ஊரறிஞ்சதாச்சே."

"நாலு மணி வரைக்கும் இந்த மேசை என்னோடது சார்."

மணி மூன்று. திருகைப் பன்னிரண்டே காலிலேயே விட்டாள்.

வெளியே வெயில் கொளுத்தினாலும் சன்னலற்ற அந்த அறையில் விளக்கணைத்தால் கும்மிருட்டு. குழாயில் குளிர்நீர் முணுமுணுக்க, துடைத்த ஆல்கஹாலின் வாடை மூக்கில் நின்றது. கதிரைத் திறக்குமுன் "கை வெளியவா?" என்று கேட்பதும், இருப்பவர்கள் "வெளிய" என்பதும் அங்கே வழக்கம். தனியாக இருந்தும் கேட்டாள். திறந்தாள்.

நுண்நோக்கிக்கு அடியில், தசைக்குப் பதிலாக, ஒளிரும் மணிகள் கலந்து காலையில் அவளே வார்த்த ஜெல். திரையில் ஒளிமணிகள் நட்சத்திரமாய்ச் சிதறிக் கிடந்தன. ஆழம் அரை மில்லிமீட்டர். முக்கால். ஒன்று.

ஒன்றில் மணிகள் இல்லை. வளைந்த கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக.

விரல் ரேகை.

தன் ரேகை மேல்கண்ணாடியில் ஒட்டியிருக்குமோ? அப்படியானால் மேலேயல்லவா தெரிய வேண்டும். இது அடியில். அடியிலிருந்து அழுத்தித் தட்டையான விரல்.

படத்தைச் சேமித்தாள். மறுபடியும் சேமித்தாள்.

ரேகை மங்கியது. ஆழத்தைக் குறைத்தாள். முக்காலில் தெளிந்தது. மறுபடி மங்கல். அரையில் தெளிந்தது.

ஏறிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் டிக். திருகு தானாகச் சுழன்றது. டிக்.

"அது என் திருகு," என்றாள் உரக்க. "கை வெளியவா?"

காதருகே குளிர்ந்த மூச்சு.

"உள்ள."

ஓடவில்லை. இருட்டில் பெட்டிக்குள் கைவிட்டாள். திருகைப் பற்றப் போன விரல்களுக்கடியில் ஈரமான விரல்கள். பன்னிரண்டை நோக்கி முறுக்கினாள்.

அவள் விடவில்லை. அதுவும் விடவில்லை. திரையில், மேற்பரப்புக்கு மயிரிழை கீழே, இரண்டாவது விரலின் ரேகை தெளிந்துகொண்டிருந்தது.