வடக்குச் சுவரில் இருபது சென்ரிமீற்றர்

மன்னாரில் நில அளவையாளராக இருந்த இன்னாசித்தம்பிக்கு, 1986 மார்கழியில், புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ஸ்கீவ என்ற ஊருக்குப் பக்கத்து அளவை அலுவலகமொன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. அங்குள்ள பழைய தேவாலயமொன்றின் வடக்குச் சுவரை இடித்துக் கட்டுமுன், உள்ளது உள்ளபடி வரைந்து வைக்கவேண்டும். அருகருகே இரண்டு கமராக்கள் எடுத்த படங்களைக் கருவியில் வைத்து இரண்டு கண்ணாலும் பார்த்தால், சுவர் ஆழத்தோடு எழும்பும். ஒளிப்புள்ளி ஒன்றைச் சுவரில் படும்வரை நகர்த்தி அளப்பார். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் பிழை வரக்கூடாது.

அன்று பின்னேரம் மூன்றரைக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. படத்தில், செங்கல் வைத்து அடைத்த பழைய வாசலருகே, புள்ளி சுவரைத் தொடவில்லை. இருபது சென்ரிமீற்றர் முன்னாலேயே எதிலோ பட்டு நின்றது.

கண் களைத்துவிட்டது என்று நினைத்தார். அவர் சரியாகத் தூங்கி எத்தனையோ நாள். இடக்கண்ணை மூடினார். வெறும் செங்கல். வலக்கண்ணை மூடினார். வெறும் செங்கல்.

இரண்டையும் திறந்தார்.

சுவரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

இருட்டறையில் படம் கழுவும் யசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஆரண்ணை இது?"

"உமக்கும் தெரியுதோ?"

"ஓம். சுவரோட கதைக்கிற மாதிரி நிக்கிறா."

மேலாளர் ஹென்னிங் ஒருதரம் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "படம் பிழை. நாளைக்குத் திரும்ப எடுப்பம்," என்றார். இன்னுமொரு பிழை வந்தால் வேலை நிலைக்காது. மனைவி பிள்ளைகளை இங்கே கூப்பிட இன்னாசித்தம்பிக்கு அந்த வேலை வேண்டும்.

மறுநாள் காலை, திரும்பப் படமெடுக்கும்போது, பனிக்காற்றில் அவரே அளவுகோலைப் பிடித்தபடி சுவரோரம் நின்றார். சுவரைத் தடவினார். தட்டையாக, ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அணைந்த மெழுகுதிரியின் மணம் மட்டும் வந்துபோனது.

பின்னேரம் புதிய படங்களை வைத்துப் பார்த்தார். புள்ளி சுவரில் சரியாகப் பட்டது. பிழை நான்கு மில்லிமீற்றர்.

"அவ போட்டாவோ அண்ணை?" யசிந்தா வாசலில் நின்றே கேட்டாள்.

"போட்டா போல. நீர் வீட்ட போம்."

அவள் போனபின், படத்தில் தான் பிடித்திருந்த அளவுகோலையும் சரிபார்த்தார். புள்ளி கோலிலிருந்து அவருடைய கைக்கு நகர்ந்தது. கையிலிருந்து தோளுக்கு.

தோளில் இன்னொரு கை இருந்தது.

அந்தப் பெண் இப்போது முதுகு காட்டவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயப்படவும் தெம்பில்லாமல், பழகிய வேலையைச் செய்தார். புள்ளியை அந்த விரல்களின் அடியில் வைத்தார். பிறகு தன் தோளில்.

இடைவெளி பூச்சியம்.